புழுவோடு உடல் செய்துகொள்ளும் சமாதானம்

காவிரியும் குடமுருட்டியும் பாயும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கும்பகோணம் வரையிலான வயற்பகுதியில் யானைக்கால் நோயைப் பலரும் வீங்கிய காலாகவே அறிவார்கள். ஆனால் கால் வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சாக்கடையிலும் கழிவுநீர்க் குட்டையிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு வழியே புகுந்த உச்செரேரியா பான்கிராஃப்டி என்னும் நூல் போன்ற புழு, நிணநீர் நாளத்தில் குடியேறி இனம் பெருக்கத் தொடங்கியிருக்கும். இரவு எட்டு மணிக்குமேல் விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால், மெல்லிய உறைக்குள் நுண்புழுக்கள் சுருண்டு கிடப்பது தெரியும். அந்த ரத்தத்துக்கு உரியவரோ காய்ச்சல்கூட இல்லாமல் மறுநாள் நாற்று நடப் போய்விடுவார்.

உடலின் இந்த மௌனம் வியப்புக்குரியது. ஒருமுறை சந்தித்த கிருமியை அடையாளம் வைத்துக்கொண்டு, மறுமுறை கண்டதும் விரைந்து பெருகும் வெள்ளணுக்களான நினைவு டி செல்களில் சில, ரத்தத்தில் சுற்றாமல் தோல், நுரையீரல் போன்ற திசுக்களிலேயே காவலிருக்கின்றன என்றாலும், அவற்றின் சீற்றமும் அடக்கமும் பெருமளவு வேறு செல்களின் கையில் இருக்கின்றன. பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பாற்றலைச் சேர்ந்த மோனோசைட், விழுங்குசெல், டென்ட்ரிட்டிக் செல் ஆகியவை கிருமியின் துணுக்கை ஏந்திக் காட்டும்போது அபாய அறிகுறியையும் சேர்த்துத் தந்தால் டி செல்கள் முழு வேகம் கொள்ளும். இன்டர்லூகின்-10 போன்ற அடக்கும் புரதம் அங்கே சுரந்தால் தணிந்துவிடும்.

நட்மன், குமாரசுவாமி, ஆட்டசன் ஆகிய ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் நுண்புழு உள்ளவர்களின் டி செல்கள் புழுவின் புரதத்துக்கு மட்டும் அசையாமல், பிற தூண்டல்களுக்கு வழக்கம்போல் பதிலளித்தன. கிருமியை மோப்பம் பிடிக்கும் டோல் ஏற்பிகள் அத்தகையோரின் மோனோசைட்டுகளில் குறைந்திருப்பதை, சுபாஷ் பாபுவும் நட்மனும் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினருடன் சேர்ந்து 2005இல் காட்டினார்கள். காவலர்களை உசுப்ப வேண்டிய செல்களே மந்தமாகிவிடுவதால் புழு ஐந்தாண்டுகளுக்கு மேலும் வாழ்கிறது; அதே மந்தம்தான் நாளத்தை அழற்சியிலிருந்து காக்கவும் செய்கிறது என்பதால், இதை வெறும் தோல்வி என்று தள்ளிவிட முடியாது. கால் வீங்கியவர்களிடம் அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான்-காமாவும் இன்டர்லூகின்-17உம் மிகுந்து, கட்டுப்படுத்தும் டி செல்கள் குறைந்திருப்பதை 2009ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அவர்கள் உடலில் சமாதானம் முறிந்துவிட்டது.

நோய் பரவும் மாவட்டங்களில் 2004 முதல் நடத்தப்படும் கூட்டு மருந்து வழங்கலில் நோயின் அறிகுறியே இல்லாதவரும் டிஇசி என்னும் புழுக்கொல்லி மாத்திரையை விழுங்க வேண்டியிருப்பது உடலின் அந்த மௌனத்தால்தான். ஊருக்குள் புழுவைப் பரப்பும் ரத்தம் பெரும்பாலும் அவருடையதே. வீங்கிய காலிலோ விரலிடுக்கின் சிறு வெடிப்பு வழியே பாக்டீரியா நுழைய, நெறி கட்டிக் காய்ச்சல் அடிக்கிறது, ஒவ்வொரு முறையும் தோல் மேலும் தடிக்கிறது. அந்த இடுக்கைத் தினமும் சோப்பால் கழுவி, ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுத்தாலே இத்தாக்குதல்கள் வெகுவாகக் குறைகின்றன.