குளிரில் டீசல் லாரி: கோளாறு எங்கே?

டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. கச்சா எண்ணெயோடு சேர்ந்தே வரும் பாரஃபின் மெழுகு அது. நன்றாகப் பற்றி எரியும் என்பதால் சுத்திகரிப்பு ஆலைகள் அதை முழுவதுமாக நீக்குவதில்லை. வெயில் காலத்தில் அது இருப்பதே தெரியாது. குளிர் கூடும்போதோ, மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் போல, மெழுகு தனியே பிரிந்து நுண்ணிய படிகங்களாக மிதக்கத் தொடங்கும். டீசல் முதலில் மங்கலாகும். இன்னும் குளிர்ந்தால் அந்தப் படிகங்கள் ஃபில்டரை அடைக்கும். அதற்கும் கீழே போனால் டீசலே ஓடாமல் நின்றுவிடும்.

லாரி நிற்பது பெரும்பாலும் இரண்டாவது கட்டத்திலேயே. டேங்கில் டீசல் நிறையவே இருக்கும். ஃபில்டரைத் தாண்டி ஒரு சொட்டும் போகாது. அதனால்தான் ‘எந்த வெப்பநிலையில் ஃபில்டர் அடைக்கும்’ என்ற அளவு முக்கியமாகிறது. இந்தியத் தரநிலைப்படி சாதாரண டீசலுக்கு இந்த அளவு குளிர்காலத்தில் 6 டிகிரி செல்சியஸுக்கும், மற்ற மாதங்களில் 18 டிகிரிக்கும் மேல் போகக் கூடாது. சமவெளிக்கு இது போதும். லடாக்குக்குப் போதாது.

ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலை, 3,500 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள ஸோஜி லா கணவாயைக் கடந்து திராஸில் இறங்குகிறது. திராஸில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. சமவெளியில் டேங்கை நிரப்பிக்கொண்டு அங்கே போய் இரவு நிறுத்தும் லாரி, காலையில் கிளம்ப மறுப்பதில் வியப்பில்லை. இதற்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்குக்கென்று குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. அது மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மை கொண்டது.

குளிரில் நின்ற லாரியைப் பார்த்ததும் பம்பையோ நாசிலையோ கழற்றுவது பல பட்டறைகளில் வழக்கம். அதுதான் பெரிய தவறு. விலை உயர்ந்த அந்தப் பாகங்களைத் தொடுவதற்கு முன், டேங்க் முதல் ஃபில்டர் வரையிலான குறைந்த அழுத்தப் பகுதியைப் பார்க்க வேண்டும். குளிர் தாக்குவது முதலில் அங்கேதான்.

அதற்கும் முன்னால் பேட்டரி. கடுங்குளிரில் பேட்டரியின் திறன் பாதியளவுக்குக் குறைந்துவிடும். என்ஜின் ஆயிலும் கெட்டியாகி, சுற்றுவதையே கடினமாக்கும். செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் சோம்பலாகச் சுற்றினால், உள்ளே அழுத்தப்படும் காற்று போதிய சூடு அடையாது. டீசல் வந்தாலும் பற்றாது. இது எரிபொருள் கோளாறே அல்ல. ஆனால் அப்படித்தான் தோன்றும்.

என்ஜின் வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால், ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றொருவர் சைலன்சரைக் கவனிக்க வேண்டும். டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், எரிபொருள் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை என்று பொருள். காற்றைச் சூடாக்கும் ஹீட்டர், அதன் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வண்டி பழையதென்றால் கம்பிரஷனையும் சந்தேகிக்கலாம். புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவே இல்லை. அப்போதுதான் எரிபொருள் பாதையில் தேடல் தொடங்குகிறது.

கிளம்பிய லாரி சில நிமிடங்களில் அணைந்துவிடுவது இன்னொரு வகை. ஐடிலில் என்ஜினுக்கு டீசல் கொஞ்சமே போதும் என்பதால் பாதி அடைத்த ஃபில்டரும் சமாளிக்கும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் தேவை கூடும், வண்டி இழுக்காது. மலையேற்றத்தில் இதைக் காற்றுக் குறைவோடு குழப்பிக்கொள்வது எளிது. ஸோஜி லா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். புகையைப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: கறும்புகையோடு இழுவை குறைந்தால் காற்று போதவில்லை, புகையின்றி இழுவை குறைந்தால் டீசல் போதவில்லை.

ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அடைத்திருப்பது மெழுகா, பனிக்கட்டியா? டீசலில் கலந்த தண்ணீர் ஃபில்டருக்கு அடியிலுள்ள கிண்ணத்தில் தேங்கி உறைந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. வடிகால் திருகைத் திறந்தும் எதுவும் வராவிட்டால் பனிக்கட்டியைச் சந்தேகிக்கலாம். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால், மெழுகு காகித மடிப்புகளின் மேல் வெளிறிய களிம்பு போலப் படிந்திருக்கும். உறுதி செய்ய வேண்டுமானால், கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வழித்தெடுத்து, கதகதப்பான அறைக்குள் அரை மணி நேரம் வைத்தாலே போதும். மெழுகு என்றால் முழுவதும் கரைந்து தெளிந்த டீசலாகிவிடும். பனிக்கட்டி என்றால் உருகி, பாட்டிலின் அடியில் தனித்தனி முத்துகளாகத் தண்ணீர் நிற்கும். செலவில்லாத சோதனை, ஆனால் அடுத்துச் செய்ய வேண்டியதை இதுதான் தீர்மானிக்கிறது. மெழுகுக்கு வெப்பமும் சரியான டீசலும் போதும். தண்ணீர் என்றால் டேங்கின் அடியையே வடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் புது ஃபில்டரும் அடுத்த இரவில் அதே கதிக்கு ஆளாகும்.

மூன்றாவது சந்தேகம் ஏர். குளிரில் ரப்பர் வளையங்கள் சுருங்கி விறைத்துப்போவதால், கோடையில் கசியாத இணைப்பு வழியே காற்று உள்ளே இழுக்கப்படும். இரவில் டீசல் மெல்லப் பின்வாங்கி டேங்குக்கே இறங்கிவிடும். வெளியே சொட்டுக் கசிவுகூடத் தெரியாது. ஃபீட் பம்புக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயை இணைத்துப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

கைப் பம்பும் நல்ல சாட்சி. எவ்வளவு அடித்தாலும் இறுகாமல் தளர்ந்தே இருந்தால் எங்கோ ஏர் எடுக்கிறது. மேலே இழுக்கும்போது முரண்டு பிடித்துத் திரும்பக் கீழே போனால், டேங்கிலிருந்து வரும் குழாயோ டேங்குக்குள் இருக்கும் சல்லடையோ அடைத்திருக்கிறது. அமுக்கவே முடியாமல் கல்லாக நின்றால் அடைப்பு பம்புக்கு அந்தப் பக்கம், அதாவது ஃபில்டரில்.

இவ்வளவுக்குப் பிறகும் தெளிவில்லை என்றால் டேங்கையே விலக்கிவிட்டுப் பார்க்கலாம். சுத்தமான கேனில், அறையின் கதகதப்பில் இருந்த நல்ல டீசலை எடுத்து, ஃபீட் பம்பின் உள்வரும் குழாயையும் ரிட்டர்ன் குழாயையும் அதில் போட்டு, புது ஃபில்டருடன் என்ஜினை இயக்க வேண்டும். ஒழுங்காக ஓடினால் குற்றம் டேங்கிலோ, அதிலிருந்து வரும் குழாயிலோ, பழைய ஃபில்டரிலோதான். பம்புக்கும் நாசிலுக்கும் பழி இல்லை. அப்போதும் கிளம்பாவிட்டால் மட்டுமே ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது காமன் ரெயில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதில் அர்த்தம் உண்டு. அழுத்தம் ஏறாதபோது ஒவ்வொரு நாசிலிலிருந்தும் ரிட்டர்னில் வழியும் டீசலை அளந்தால், தேய்ந்த நாசில் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

உறைந்த லாரியை மீட்கச் சிறந்த வழி, கூரையுள்ள இடத்துக்கு இழுத்துப்போய் வெப்பம் ஏறும்வரை காத்திருப்பது. அதற்கு வழியில்லாத இடத்தில், சுடுநீரில் நனைத்த துணியை ஃபில்டர் மீதும் குழாய் மீதும் சுற்றலாம். உறைவதைத் தடுக்கும் ரசாயனங்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் மெழுகு பிரிவதற்கு முன்பே ஊற்றினால்தான் அவை வேலை செய்யும். ஓட்டுநர்கள் பழைய பழக்கத்தில் மண்ணெண்ணெய் கலப்பதுண்டு. பழைய என்ஜின்கள் தாங்கின. இன்றைய காமன் ரெயில் பம்ப் டீசலின் வழுவழுப்பையே மசகாக நம்பி இயங்குவதால், மண்ணெண்ணெய் அதைத் தேய்த்துவிடும். சட்டப்படியும் அது கலப்படம். ஹீட்டர் உள்ள என்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது வெடிப்புக்கு வழிவகுக்கும்.

புதிய பிஎஸ் 6 லாரிகளில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். அது கோளாறு அல்ல. என்ஜின் சூடேறியதும் யூரியா டேங்கிலுள்ள ஹீட்டர் அதைத் தானே உருக்கும். எச்சரிக்கை விளக்கைக் கண்டு அதன் பம்பை மாற்றத் தேவையில்லை.

வடக்கே சரக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்கள், சமவெளி டீசலை மலையடிவாரம் வரைக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, லடாக் பெட்ரோல் பங்க்குகளில் குளிர்கால டீசலை நிரப்பிக்கொள்வது நல்லது. இரவில் நிறுத்தும்போது டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே ஈரம் படிவதும் குறையும். மேலே போகும்போது கையில் ஒரு உபரி ஃபில்டர் இருக்கட்டும். டேங்குக்கு அடியில் விறகு மூட்டிச் சூடேற்றும் பழக்கத்தை மட்டும், எவ்வளவு அவசரமானாலும், தயவுசெய்து அடியோடு விட்டுவிட வேண்டும். அதில் லாரியோடு உயிரும் போகும்.