வளையத்தை உடைக்கும் பாக்டீரியா

பீரோவுல போட்ட பாச்சை உருண்டை கொஞ்ச நாள்ல கரைஞ்சு காணாமப் போயிடும். ஆனா அது அழியல, காத்துல கலந்திருச்சு, அவ்வளவுதான். அப்போ அதை நிஜமா அழிக்கிறது யார்? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

பாச்சை உருண்டையில இருக்கிறது நாஃப்தலீன். ஆறு கார்பன் கொண்ட ரெண்டு வளையங்கள், பக்கத்துல பக்கத்துல ஒட்டின மாதிரி இருக்கும். இதே மாதிரி வளையங்கள் கச்சா எண்ணெய்லயும் தார்லயும் இருக்கு. அஞ்சு வளையம் இருக்கிற பென்சோபைரீன் புற்றுநோயை உண்டாக்கும்.

இந்த வளையத்தை உடைக்கிறது ஏன் கஷ்டம்? சில எலக்ட்ரான்கள் எந்த ரெண்டு கார்பனுக்கும் தனிச்சொத்து இல்லை, வளையம் முழுசுக்கும் பொதுச்சொத்து. அதனால வளையம் ரொம்ப உறுதியா இருக்கும்.

மண்ணுல வாழுற சூடோமோனாஸ் பூட்டிடாங்கிற பாக்டீரியாவுக்கு ஒரு வழி தெரியும். அதோட டைஆக்சிஜனேஸ் என்சைம், ஒரு ஆக்சிஜன் மூலக்கூறை எடுத்து, அதுல இருக்கிற ரெண்டு அணுக்களையும் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்கள் மேல ஒட்டிவிடும். அங்கதான் அந்த உறுதி குலையுது. இன்னும் சில படிகள்ல முதல் வளையம் திறந்து, ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரரான சாலிசிலேட் உருவாகும். அது கேட்டகாலா மாறினதும், இன்னொரு ஆக்சிஜனை வெச்சு ரெண்டாவது வளையத்தையும் வெட்டிடும். மிச்சத் துண்டுகள், நம்ம செல்கள் சர்க்கரையை எரிக்கிற அதே சுழற்சிக்குள்ள போய், கடைசியில கார்பன் டைஆக்சைடும் தண்ணீருமா முடியும்.

கவனிச்சீங்களா? வளையத்துல கை வைக்கிற ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் வேணும்.

1989 மார்ச்ல, அலாஸ்காவுல எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடல்ல கொட்டுச்சு. எண்ணெய்ல கார்பன் தாராளமா இருக்கு. ஆனா பாக்டீரியா வளர நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேணுமே! அதனால கரையில உரம் போட்டாங்க. ஏற்கெனவே அங்க இருந்த பாக்டீரியாக்கள் பெருகி, எண்ணெயை வேகமாச் சாப்பிட்டுச்சு.

ஆனா 2001-ல கரையைத் தோண்டிப் பாத்தப்போ, கற்களுக்கு அடியில எண்ணெய் அப்படியே கிடந்தது. அந்த ஆழத்துக்கு ஆக்சிஜனும் சத்தும் சரியாப் போகல. ஆக்சிஜன் இல்லாமலே வளையத்தை உடைக்கிற பாக்டீரியாக்களும் உண்டு. ஆனா பொதுவா அதுங்க வேலை ரொம்ப மெதுவு.

அதனால, "எண்ணெய் கொட்டினா இயற்கையே சரிபண்ணிக்கும்"னு யாராவது சொன்னா, நான் ஒண்ணுதான் கேப்பேன்: அங்க காத்து போகுதா? எண்ணெய் மேல மண்ணைப் போட்டு மூடினா நம்ம கண்ணுக்குத்தான் அது மறையும். பாக்டீரியாவுக்கு மூச்சே நின்னுடும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.