வீட்டு மின்சாரக் கணக்கு
விளைச்சலுக்கும் பாலுக்கும் கணக்கு எழுதும் நம் குடும்பங்கள், மின்சாரச் செலவைக் கட்டணம் செலுத்தும் நாளில்தான் அறிகின்றன. 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும். 60 வாட் குண்டு பல்பு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 9 யூனிட்; ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 1.35 யூனிட்டே போதும்.

மாலைதோறும் மீட்டர் எண்ணைக் குறித்து, அதிலிருந்து முந்திய நாள் எண்ணைக் கழித்தல் வேண்டும். இப்பணியைப் பள்ளிச் சிறுவரிடம் ஒப்படைக்கலாம். செலவு திடீரென மிகுந்தால், தொட்டி நிரம்பியும் ஓடிய மோட்டாரா, ஆளில்லா அறையில் சுழன்ற விசிறியா எனக் குடும்பத்தார் கூடி ஆராய்தல் நலம். நம் மாநிலத்தில் யூனிட் மிகுந்தால் கட்டண விகிதமும் உயரும். எனவே குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் விலை மிகுந்த யூனிட்டே.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இக்கணக்கை முதலில் தம் இல்லங்களில் தொடங்குவார்களாக!