அரிசி ஆலைக்கு ஏற்ற இயற்கை வாயு ஜெனரேட்டர்

புழுங்கலரிசி ஆலை நடத்துவோர் மின்சாரத் தடைக்கு அதிகமாக அஞ்சுவதற்குத் தக்க காரணம் உண்டு. தறி நின்றால் நெசவு நிற்குமேயன்றி நூல் கெடுவதில்லை. ஊறிய நெல்லோ அவ்வாறன்று. தொட்டியில் உரிய நேரத்திற்கு மேல் கிடந்தால் அது புளித்து நாறும். ஆவி காட்டிய நெல் உலர்த்தப்படாமல் குவிந்து கிடந்தால் சூடேறி, நிறம் மாறி, பூசணம் பிடிக்கும். இந்த நஷ்டம் ஆலைக்காரரோடு நில்லாமல், நெல்லை அரைவைக்குக் கொணர்ந்த குடியானவரையும் சாரும்.

இதன் பொருட்டே பல ஆலைகளில் டீசல் ஜெனரேட்டர்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. இயற்கை வாயு கிடைக்குமிடங்களில் அவ்வாயுவினால் ஓடும் ஜெனரேட்டரும் கவனிக்கத்தக்கது. அதன் புகை குறைவு. கரி படிதலும் குறைவு. எனினும், நல்ல பெயருள்ள இயந்திரத்தை வாங்கிவிட்டால் போதுமென்று எண்ணுவது தவறு. வாயு, சுமை, பராமரிப்பு ஆகிய மூன்றும் ஒத்து வந்தாலன்றி எந்த இயந்திரமும் நம்பத்தக்கதாகாது.

வாயுவின் வரத்து

காவிரிப் படுகையிலும் இராமநாதபுரம் பகுதியிலும் நிலத்தடியிலிருந்து இயற்கை வாயு எடுக்கப்படுகிறது. திருமாக்கோட்டை, குத்தாலம், வழுதூர் ஆகிய இடங்களில் அமைந்த அரசு மின் நிலையங்கள் இவ்வாயுவை நம்பி ஏற்பட்டவையே. எண்ணூரில் 2019-ஆம் ஆண்டு முதல் கப்பலில் வரும் திரவ வாயுவும் இறக்கப்படுகிறது. ஆயினும், ஊருக்கு அருகே கிணறோ குழாயோ இருப்பதனாலேயே ஆலைக்கு வாயு கிடைத்துவிடாது. இணைப்பு தருவோருடன் எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்த பின்னரே இயந்திரத்திற்கு முன்பணம் கொடுத்தல் வேண்டும். குழாய் இல்லாத ஊர்களில் அழுத்திய வாயுவை உருளைகளில் லாரி மூலம் தருவிக்கலாம். ஆனால் லாரி ஒரு நாள் தவறினாலும் ஆலை நிற்கும் என்பதை மறத்தலாகாது. டீசலைப் பீப்பாயில் சேமித்து வைப்பது போல் வாயுவை எளிதில் சேமிக்க இயலாது.

வாயுவின் அழுத்தத்தை ஆலை ஓய்ந்திருக்கும்போது அளப்பதில் பயனில்லை. அக்கம்பக்கத்து ஆலைகளும் வாயு எடுக்கும் வேளையில், முழுச் சுமையில், எஞ்சினின் வாயிலிலேயே அளத்தல் வேண்டும். வாயுவின் சேர்க்கையைக் காட்டும் சோதனைச் சான்றையும் கேட்டுப் பெறுதல் நலம். இயற்கை வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அத்துடன் ஈத்தேன், புரொப்பேன் முதலியன மிகுதியாகக் கலந்திருந்தால் எஞ்சினில் தட்டல் உண்டாகிப் பிஸ்டன் சேதமுறும். அச்சான்றை எஞ்சின் செய்தோருக்குக் காட்டி, இவ்வாயுவுக்கு இயந்திரம் ஏற்றதே என்று எழுதி வாங்குவது புத்திசாலித்தனம்.

சுமைக் கணக்கு

வாங்குவோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே. ஓர் ஆலையில் மோட்டார்கள் யாவும் சேர்ந்து 60 குதிரைச் சக்தி என்று கொள்வோம். அவை ஒருங்கே ஓடுவதற்கு ஏறக்குறைய 50 கிலோவாட் மின்சாரம் தேவை. அதாவது சுமார் 62 கே.வி.ஏ. ஆனால் மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல் ஆறு ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 20 குதிரைச் சக்தியுள்ள ஒரு மோட்டாரை நேரடியாகக் கிளப்பினால் அது ஒன்றே 100 கே.வி.ஏ.-க்கு மேல் கேட்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்தால் அது மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

ஆகையால் பெரிய மோட்டாரை முதலிலும், சிறியவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாகவும் கிளப்புவதே முறை. திடீரென்று ஏறும் சுமையை டீசல் எஞ்சின் தாங்குமளவுக்கு வாயு எஞ்சின் தாங்குவதில்லையாதலின், இவ்வொழுங்கு இங்கே மிகவும் அவசியம். இதனைக் கடைப்பிடித்தால் மேற்கண்ட ஆலைக்கு 80 கே.வி.ஏ. அளவுள்ள ஜெனரேட்டர் போதுமானது. இருக்கட்டுமென்று 160 கே.வி.ஏ. வாங்குவதும் நன்றன்று. நாள்தோறும் பாதிக்கும் குறைந்த சுமையில் ஓடும் எஞ்சினில் கசடு படியும். ஸ்பார்க் பிளக்குகள் விரைவில் கெடும்.

இயந்திரத்தின் மேலுள்ள தகட்டில் எழுதப்பட்ட அளவு எவ்வகையைச் சேர்ந்ததென்றும் விசாரித்தல் வேண்டும். தடையின்போது மட்டும் ஓடுவதற்குரிய அளவு ஒன்று. நாள்தோறும் நெடுநேரம் ஓடுவதற்குரிய அளவு வேறொன்று. முன்னதே பெரிதாகக் காணும். அதைப் பார்த்து வாங்கி நாள்தோறும் ஓட்டினால் எஞ்சின் விரைவில் தேயும்.

செலவும் சேமிப்பும்

ஒரு கன மீட்டர் இயற்கை வாயுவிலிருந்து நல்ல நிலையிலுள்ள எஞ்சின் ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரம் தரும். 50 கிலோவாட் சுமையில் எட்டு மணி நேரம் ஓடினால் 400 யூனிட். அதற்குச் சுமார் 133 கன மீட்டர் வாயு செலவாகும். இந்தக் கணக்கை உள்ளூர் வாயு விலையோடும் டீசல் விலையோடும் ஒப்பிட்டு முடிவு செய்யலாம்.

வாயுவிலுள்ள வெப்பத்தில் மூன்றிலொரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியது பெரும்பாலும் புகையிலும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரிலும் வெளியேறுகிறது. நெல் ஊறவைக்க 65 முதல் 70 டிகிரி சென்டிகிரேடு வெந்நீர் தேவைப்படும் ஆலைக்கு இது வீணாகத் தக்கதன்று. வெப்பமாற்றி ஒன்றை அமைத்தால் தொட்டி நீர் அவ்வெப்பத்தினாலேயே சூடேறும்; கொதிகலனுக்கு இடும் உமியும் மிச்சமாகும்.

அபாயமும் பாதுகாப்பும்

இயற்கை வாயு காற்றினும் இலேசானது. கசிந்தால் மேலெழுந்து கூரையடியில் தங்கும். ஆகையால் எஞ்சின் கொட்டகையின் முகட்டில் திறப்புகள் விடுதல் வேண்டும். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை வாயு கலந்திருந்தால் ஒரு பொறியே போதும், தீப்பற்றும். வாயு கசிவை அறிவிக்கும் கருவியும், வாயுவைத் தானே அடைக்கும் வால்வும் இல்லாத ஜெனரேட்டரை வாங்கலாகாது.

மின்வாரியக் கம்பியும் ஜெனரேட்டரும் ஒருபோதும் இணையாதபடி மாற்று ஸ்விட்ச் அமைப்பது இன்றியமையாதது. இல்லையேல் ஆலையின் மின்சாரம் ஊர்க்கம்பியில் ஏறி, பழுது பார்க்க ஏறிய தொழிலாளியின் உயிரைப் பறிக்கக்கூடும். மின்சார ஆய்வாளரின் அனுமதியைப் பெற்ற பின்னரே ஓட்டுதல் வேண்டும். கிராம அதிகாரிகள் தம் எல்லையிலுள்ள ஆலைக்காரர்களுக்கு இதனை எடுத்துரைப்பது பேருதவியாகும்.

முடிவாக, ஸ்பார்க் பிளக், எண்ணெய் வடிகட்டி முதலிய உதிரிப் பாகங்கள் எவ்வளவு தூரத்தில் கிடைக்கின்றன, அழைத்தால் மெக்கானிக் எத்தனை மணியில் வருவார் என்பவற்றை வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும். அதே இயந்திரத்தை ஓட்டிவரும் வேறோர் ஆலைக்கு நேரில் சென்று, ஓட்டுபவரிடமே விசாரிப்பது எல்லாவற்றினும் நன்று. விலையில் சிறிது மலிவாயினும் பழுது பார்க்க ஆளில்லாத இயந்திரம், தொட்டியில் நெல் ஊறிக்கிடக்கும் இரவில் உதவாது.