வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டர்: எந்த வழியாக நுழைவது பாதுகாப்பு?

அவசரமாக ஒரு ஃபைல் வேணும்; அது ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கு. வண்டியை எடுக்க வேண்டாம், விண்டோஸின் 'ரிமோட் டெஸ்க்டாப்' போதும்.

எப்படி வேலை செய்கிறது?
ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரை உங்கள் லேப்டாப்பில் தெரியும். இங்கே தட்டுவதும் கிளிக் செய்வதும் அங்கே நடக்கும்.

என்ன தேவை?
ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் புரோ அல்லது என்டர்பிரைஸ் இருக்கணும். ஹோம் பதிப்பு இந்த இணைப்பை ஏற்காது. 'ஸ்லீப்' ஆகாமலும் பார்த்துக்கணும்.

ஆபத்து எங்கே?
இந்த வசதி வழக்கமாக 3389 என்ற போர்ட்டில் இயங்குகிறது. அதை ரவுட்டரில் நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிட்டால், பாஸ்வேர்டை ஊகிக்கும் புரோகிராம்கள் வந்து தட்டும். உள்ளே நுழைந்தால் மொத்த ஆபீஸ் ஃபைல்களையும் பூட்டிப் பணம் கேட்பார்கள். 2019-ல் வெளியான 'ப்ளூகீப்' ஓட்டைக்குப் பாஸ்வேர்டுகூட தேவைப்படவில்லை. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அப்டேட் தர வேண்டியதாயிற்று.

அப்போ என்ன செய்யணும்?
ஐ.டி. டீமிடம் கேட்டு, முதலில் வி.பி.என்., கூடவே ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சரிபார்ப்பு, அதன்பிறகே ரிமோட். அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டாம். வேலை முடிந்ததும் விண்டோவை மூடினால் மட்டும் போதாது. அங்கே உங்கள் கணக்கு திறந்தே இருக்கும். 'சைன் அவுட்' கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்க.