செப்புத் தகடும் வாழைமர நோட்டும்

பினாங்கில் சில இல்லங்களில், பழைய பெட்டியின் அடியில் வாழைமரப் படம் பொறித்த பத்து வெள்ளித் தாள் ஒன்று இன்றும் கிடப்பதுண்டு. அதைக் கொடுத்து ஒரு மிட்டாய் கூட வாங்க இயலாது. படமும் எழுத்தும் இருந்தும் அது பணமாகாதது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண, பணத்தாள் எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பால் ரிவியர் என்னும் வெள்ளி வேலைக் கலைஞர் வாழ்ந்தார். 1775ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மக்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போரிட்டபோது, படைச் செலவிற்கான பணத்தாள்களை அச்சிடும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1770ஆம் ஆண்டில் வேறொரு படத்திற்காகத் தாம் செதுக்கிய செப்புத் தகட்டின் பின்புறத்தையே அவர் இப்பணிக்குப் பயன்படுத்தினார்.

செதுக்குளியால் செம்பில் கோடுகளை வெட்ட வேண்டும். அச்சில் நேராக விழுவதற்காக எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். பின்பு தகட்டில் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்தால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் அந்த மை தாளில் ஏறும். இவ்வாறு அச்சான கோடுகள் விரலுக்குச் சற்றே மேடாகத் தட்டுப்படும். நுட்பமான கோடுகளைப் போலியாகச் செய்வது கடினம். அதுவே பணத்தாளின் காவல்.

ஆயினும் கைத்திறன் மட்டும் பணத்தைக் காத்துவிடாது. அதே போர்க்காலத்தில் அமெரிக்கப் பேராயம் அளவின்றி வெளியிட்ட தாள்கள் 1781ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ முழுவதும் மதிப்பிழந்தன.

நம் நாட்டிலும் இந்நிலை நேர்ந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பினாங்கைக் கைப்பற்றியது. அதன்பின் ஜப்பானியர் மலாயாவிற்கெனத் தனித் தாள்களை வெளியிட்டனர். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தமையால் மக்கள் அதனை 'வாழைமர நோட்டு' என்றனர். தொடக்கத்தில் சில தாள்களில் வரிசை எண் இருந்தது. பின்னர் வந்தவற்றில் எழுத்துகள் மட்டுமே இருந்தன. காகிதமும் தரம் குறைந்தது. எண்ணில்லாத் தாளில் எத்தனை அச்சிடப்பட்டன என்று எவர் கணக்குப் பார்ப்பர்? தாள் பெருகியது, அரிசியோ அருகியது. விலை நாளும் ஏறியது. தோட்டத்தில் நாள் முழுதும் பால் வெட்டியவர் பெற்ற கூலி, மரவள்ளிக் கிழங்கு வாங்கவும் போதாமற் போயிற்று.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் மீண்டும் வந்தபோது, ஜப்பானியத் தாள்கள் செல்லா என அறிவிக்கப்பட்டது. மூன்றரை ஆண்டுகள் வியர்வை சிந்திச் சேர்த்த பணம், ஒரே அறிவிப்பில் வெற்றுத் தாளாயிற்று.

ஆகவே பணத்தின் மதிப்பு படத்தில் இல்லை. அதனை வெளியிடுவோரின் வாக்கிலும், அவ்வாக்கிற்குப் பின்னிற்கும் பொருளிலும், உழைப்பிலும் உள்ளது. உங்கள் பாட்டனாரின் பெட்டியில் அத்தகைய தாள் இருப்பின் எறிந்துவிடாதீர்கள். அதில் எழுதப்படாத கூலிக் கணக்கு ஒன்று இருக்கிறது, பெரியோரிடம் கேட்டறியுங்கள்.