விளையாட்டிலும் ஒரு வழிநூல்

நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்தது தொல்காப்பியம். முன்னோர் நூலைச் சுருக்கியும், விரித்தும், இரண்டையும் கலந்தும், பிறமொழியினின்று பெயர்த்தும் வழிநூல் செய்யலாம் என்பது மரபியல் காட்டும் நெறி. முதல்நூலின் முடிபு மாறலாகாது. வேண்டிய வேறுபாடுகளைப் பின்னோன் கொள்ளலாம் என நன்னூலார் இதனைத் தெளிவுறுத்தினார். இவ்விலக்கணம் ஏட்டுச் சுவடிக்கு மட்டும் உரியதன்று. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இன்று மாணவர் கைகளில் காணும் சிறு விளையாட்டுக் கருவிகளுக்கும் அது பொருந்தும்.

அக்கருவிகளில் ஓடும் பழைய ஆட்டங்கள் பலவும் வீட்டுக்கென்று பிறந்தவை அல்ல. பொதுவிடங்களில் காசு போட்டு ஆடும் பெரும்பெட்டிகளாய் நின்றவை அவை. பின்னரே, தொலைக்காட்சியோடு இணைக்கும் வீட்டுக் கருவிகளுக்குப் பெயர்க்கப்பெற்றன.

1978-இல் யப்பானியரான தொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தை ஆக்கினார். அணியணியாய் இறங்கிவரும் பகைவர் 55 பேர். அவர்கள் வீழ வீழ, எஞ்சியோரின் விரைவு மிகும். இது முன்கூட்டி எண்ணியமைத்த நயமன்று. வரைய வேண்டிய உருவங்கள் குறையவே பொறி விரைந்தது. அதன் சுவையறிந்த ஆசிரியர் அவ்வாறே விட்டுவைத்தார். 1980-இல் அட்டாரி நிறுவனம் இதனை வீட்டுக் கருவிக்குக் கொணர்ந்தது. அக்கருவியின் தற்காலிக நினைவகமோ 128 பைட்டு மட்டுமே! ஆகவே 55 பகைவர் 36 ஆயினர். ஆயினும், நெஞ்சைப் படபடக்கச் செய்யும் அந்த விரைவு குன்றவில்லை. மக்கள் அதனை உவந்து ஏற்றனர். அவ்வாட்டத்துக்காகவே கருவியை வாங்கியோர் பலர்.

அதே கருவிக்கு 1982-இல் 'பேக்-மேன்' வந்தது. தோரு இவாதானி 1980-இல் ஆக்கிய முதலாட்டத்தில் பேயுருக்கள் நான்கு. ஒன்று பின்தொடரும், ஒன்று முன்சென்று மறிக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனி இயல்பு. வீட்டுப் பதிப்பில் நான்கினையும் ஒருங்கே காட்ட இயலாமல் மாறி மாறிக் காட்டியமையால் அவை மினுங்கி மங்கின. நிறமும் இயல்பும் தேய்ந்தன. பல இலட்சம் பிரதிகள் விற்றபோதிலும், ஆடியோர் பலர் ஏமாற்றமே அடைந்தனர். கருவி ஒன்றே, விளைவு இரண்டு. சுருக்குதல் குற்றமன்று, எதனை விடுகிறோம், எதனைக் காக்கிறோம் என்பதே வினா.

இவ்வினா நம் மலையகத்தையும் தொடுகின்றது. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் தோட்டங்களுக்குக் கொணர்ந்த காமன் கூத்தை எண்ணிப் பாருங்கள். மாசித் திங்களில் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, பல நாள் நிகழும் கூத்து அது. ஊரே நடிகர், ஊரே அவையோர். ஒருமுறை கடல் கடந்து பெயர்ந்த அக்கலை, இன்று பாடசாலை மேடைக்கு மீண்டும் பெயர்கின்றது. பல நாட் கூத்துச் சில நிமிடங்களில் அடங்க வேண்டியதாகின்றது. ஒப்பனை பளபளக்கின்றது, ஆடல் ஒழுங்காய் அமைகின்றது. ஆனால், காமன் எரிந்தபின் ரதி புலம்பும் இடம் குறுகிப்போனால், எஞ்சுவது எது? அப்புலம்பலில் தத்தம் துயரையும் சேர்த்துக் கரைத்தவர்கள் அன்றோ நம் தோட்டத்து மக்கள்! பகைவரைக் குறைக்கலாம், துடிப்பைக் குறைக்கலாகாது. பாத்திரங்களைக் குறைக்கலாம், ரதியின் குரலைக் குறைக்கலாகாது.

கையடக்கக் கருவியோடு வரும் மாணவனைக் கடிந்து அனுப்புவதோடு நம் கடமை முடிவதில்லை. பெட்டியில் இருந்த ஆட்டத்தில் எது வீட்டுக்கு வந்தது, எது வராமற் போயிற்று என்று அவனையே வினவலாம். அவன் விடை கூறுவான். அதே வினாவைக் காமன் கூத்தின் மீதும் எழுப்புமாறு அவனைப் பழக்கினால், வழிநூல் இலக்கணம் தேர்வோடு மறக்கும் பாடமாக நில்லாது. நாளை அக்கூத்தை ஏற்று நடத்தப்போகும் தலைமுறைக்கு அளவுகோலாகவும் அமையும்.